காமன் கூத்து: சடங்கும் எதிர்ப்பும்

மலையகத் தமிழரின் கலைகள் பற்றிய எழுத்துகளில் இரு போக்குகள் தொடர்ந்து காணப்படுகின்றன. காமன் கூத்து, பொன்னர் சங்கர், அருச்சுனன் தபசு ஆகியன பழைய நம்பிக்கைகளின் எச்சங்கள். தொழிலாளியின் பார்வையை அவனது உண்மையான வாழ்க்கைச் சிக்கல்களிலிருந்து திருப்பிவிடுவன என்பது ஒன்று. அவை ஒடுக்கப்பட்ட மக்களின் எதிர்ப்புக் குரல்கள். ஆதலால் அப்படியே பேணப்படவேண்டியன என்பது மற்றொன்று. முன்னையது கூத்தைப் பாராமலே தீர்ப்பளிக்கிறது. பின்னையதோ எதிர்ப்பு என்னும் சொல்லைக் கூறிய அளவில் அமைதியடைந்துவிடுகிறது. அவ்வெதிர்ப்பு கூத்தின் எப்பகுதியில் உள்ளது, யாரை நோக்கி எழுகிறது, எவ்விடத்தில் நின்றுவிடுகிறது என்னும் வினாக்கள் அங்கு எழுவதில்லை. காமன் கூத்தை முன்வைத்து இவ்வினாக்களுக்கு விடை தேடுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர் இம்மலைநாட்டைக் கண்டிச் சீமை என்றே அழைத்தனர். 1820களில் கம்பளையை அடுத்த சின்னப்பிட்டியவில் கோப்பித் தோட்டம் தோன்றியது. 1867இல் ஹேவாஹெட்டைப் பகுதியின் லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலையைப் பெருந்தோட்டப் பயிராக்கினார். கோப்பி நோயால் அழிய, தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. பயிர் மாறிற்று, லயமும் கங்காணியும் மாறவில்லை. திருச்சி, தஞ்சை, புதுக்கோட்டை, மதுரை, சேலம் ஆகிய பகுதிகளிலிருந்து வந்த மக்கள் தம்மோடு கொண்டுவந்த பொருள்கள் மிகச் சில. மாரியம்மன் வழிபாடும் தப்பும் கூத்தும் அவர்களோடு வந்தன. சோழநாட்டு ஊர்களிற் காமன் பண்டிகையாக நடைபெற்ற சடங்கு, இங்குத் தோட்டம் முழுவதற்கும் உரிய பெருங்கூத்தாக வளர்ந்தது.

மாசி மாதத்து அமாவாசையை அடுத்து, மூன்றாம் பிறையளவில் காமன் கம்பம் ஊன்றப்படும். அன்று தொடங்கிப் பௌர்ணமி வரையிலான இரவுகள் கூத்துக்கு உரியன. நேர்த்தி வைத்தவர்கள் விரதம் காத்து வேடம் புனைவர். தக்கனது வேள்வியும் வீரபத்திரனது வருகையும் ரதி மன்மதன் திருமணமும் ஒன்றன்பின் ஒன்றாக நிகழும். இறுதி இரவிற் காமன் எரிக்கப்படுவான், ரதி புலம்புவாள், பின்னர் அவன் மீண்டும் உயிர்ப்பிக்கப்படுவான். பார்ப்போர் என்றும் ஆடுவோர் என்றும் திட்டமாகப் பிரிக்க இயலாத நிகழ்வு இது. பகலிற் கொழுந்து பறித்தோரும் கவ்வாத்து வெட்டியோரும் இரவிற் காமன் பொட்டலின் மக்களாவர்.

இனி, கதையின் அமைப்பை நோக்குவோம். சிவன் யோகத்தில் அமர்ந்துவிட்டார். அசுரரின் கொடுமையிலிருந்து தேவர்கள் மீளவேண்டுமாயின் சிவனுக்கு ஒரு மைந்தன் பிறத்தல் வேண்டும். அதற்கு அவரது யோகம் கலைதல் வேண்டும். இது தேவர்களின் தேவை. ஆயினும் அத்தேவைக்காகத் தம்முயிரைப் பணயம் வைக்க அவர்களுள் எவரும் முன்வரவில்லை. மன்மதனுக்கு ஓலை போகிறது. கந்தபுராணத்தின் காமதகனப் படலத்திலும், மன்மதன் விரும்பிப் புறப்படுவதாக இல்லை. அவன் தயங்குகிறான், மறுக்கிறான், சாபம் கூறி அச்சுறுத்தப்பட்ட பின்னரே இணங்குகிறான். கூத்தில் இப்பகுதி மேலும் விரிவு பெறுகிறது. ஓலை கொணரும் தூதனின் ஆட்டம் தனியொரு நிகழ்ச்சியாகும். போகவேண்டாம் என்று ரதி தடுக்கிறாள். கனவிற் கண்ட தீய குறிகளை எடுத்துரைக்கிறாள். ஆணையை மீற இயலாது என்று மன்மதன் செல்கிறான், எரிந்துபோகிறான். ஏவியவர்களுக்கு எத்தீங்கும் நேரவில்லை. அவர்கள் விரும்பியது நிறைவேறுகிறது.

ஓலைக்குப் பணிந்தவன் எரிகிறான், ஓலை எழுதியவன் வாழ்கிறான் என்னும் இவ்வமைப்பே காமன் கூத்தின் அடித்தளமாகும். புராணத்தில் இது முருகனது பிறப்புக்கு முன்னுரையாக வரும் ஒரு சிறு நிகழ்ச்சி. அங்கு மன்மதன் கதையை நகர்த்துவதற்கு வேண்டப்படும் ஒரு கருவி. கூத்தோ முருகனது பிறப்பைப் பெரிதுபடுத்தவில்லை. எரிந்தவனையும் அவனுக்காக அழுதவளையும் நடுவில் நிறுத்துகிறது. புராணம் கடந்து செல்லும் இடத்திற் கூத்து பல இரவுகள் தங்கிநிற்கிறது. ஒரு மக்கட் கூட்டம் தனக்குக் கிடைத்த கதையில் எதனை விரிக்கிறது, எதனைச் சுருக்குகிறது என்பதே அதன் விமரிசனமாகும். கங்காணியின் சொல்லை நம்பிக் கடல் கடந்து, துண்டின்றித் தோட்டம் மாற முடியாமலும், தலைமுறைக் கடனைத் தீர்க்க முடியாமலும் வாழ்ந்த மக்கள், ஆணைக்குப் பணிந்து அழிந்தவனின் கதையில் நீண்ட நேரம் தங்கியதில் வியப்பில்லை.

அடுத்து நோக்கற்பாலது ரதியின் புலம்பல். இதனை வெறும் அவலச் சுவைப் பகுதியாகக் கொள்வது பொருந்தாது. தமிழர் மரபில் ஒப்பாரி இழப்பைப் பாடும்போதே கணக்கும் கேட்கிறது. இறந்தவனுக்கு யார் என்ன செய்யத் தவறினர், எவர் வஞ்சித்தனர் என்பன ஊரார் முன்னிலையில் வெளிப்படுவது ஒப்பாரியிலேயாகும். வேறெந்த நேரத்திற் கூறினாலும் குற்றமாகக் கொள்ளப்படும் சொற்கள் இழவு வீட்டில் மன்னிக்கப்படுகின்றன. ரதி அழுது ஓயவில்லை. ஏவலுக்குப் பணிந்தது குற்றமாயின் ஏவியது குற்றமாகாதா என்னும் வினா அவளது நிலையிலேயே அடங்கியிருக்கிறது. அவள் வழக்காடும் இடம் சிவனது சந்நிதி. எரித்தவரே நீதி வழங்கவும் வேண்டியவர். குற்றஞ்சாட்டப்பட்டவரும் நீதிபதியும் ஒருவரே என்னும் இந்நிலை தோட்டத்து மக்களுக்குப் புதியதன்று. துரையின் ஆட்சியிற் கூலி நிர்ணயம், தண்டம், அரைப்பேர், வெளியேற்றம் ஆகிய அனைத்தும் ஒரே காரியாலயத்தின் வாசலிலேயே முடிந்தன. முறையீடும் அங்கேயே செய்யப்படவேண்டியதாயிற்று.

கதைக்கு வெளியேயும் ஒரு பொருள் இக்கூத்தில் உண்டு. அது தப்பின் ஒலி. விடியற்காலையிற் பிரட்டுக்குத் தொழிலாளரை எழுப்பியது தப்பே. சி. வி. வேலுப்பிள்ளை 1954இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட தேயிலைத் தோட்டம் பற்றிய நெடுங்கவிதை இம்முரசொலியை மலையக வாழ்வின் குறியீடாகவே ஆக்கிற்று. தோட்ட முகாமைக்குத் தப்பு ஒரு மணிக்கூடு; நாளின் எந்த நாழிகை யாருக்குச் சொந்தம் என்று அறிவிக்கும் கருவி. மாசி மாதத்து இரவுகளில் அதே தப்பு, அதே கைகளால், லயத்து மக்களைப் பிரட்டுக்களத்துக்கு அன்றிக் காமன் பொட்டலுக்கு அழைக்கிறது. உழைப்புக்கு உரியதாக்கப்பட்ட ஒலியை மக்கள் தமக்கு உரியதாக மீட்டுக்கொள்கின்றனர். நேரமும் நிலமும் தமக்குச் சொந்தமாக இல்லாத மக்களுக்கு, சில இரவுகளும் ஒரு பொட்டல் வெளியும் தம்முடையனவாகின்றன என்பது சிறிய செய்தியன்று.

நகைச்சுவைப் பகுதிகளும் இத்தொடர்பில் மனங்கொள்ளத்தக்கன. கோமாளியின் பேச்சு ஏட்டில் எழுதப்படாதது. இடத்துக்கும் காலத்துக்கும் ஏற்ப மாறுவது. கங்காணியின் நடை, கணக்கப்பிள்ளையின் கணக்கு, துரையின் அரைகுறைத் தமிழ் ஆகியவற்றுக்கு அங்கு இடமுண்டு. மலையக நாட்டார் பாடல்களிற் கங்காணி பெறும் ஏச்சும் ஏளனமும் இதே மனநிலையின் வேறொரு வடிவமாகும். கண்டிப் பிரதேசத்துச் சிங்களக் கிராமங்களின் சொகரி நாடகத்தோடு இதனை ஒப்பிடலாம். அறுவடைக்குப் பின் களத்துமேட்டில், பத்தினித் தெய்வத்தை வேண்டி ஆடப்படும் சடங்கு நாடகம் அது. இந்தியாவிலிருந்து வந்த குருஹாமியும் அவன் மனைவி சொகரியும் வேலையாளும் கிராமத்து வைத்தியனும் அதன் பாத்திரங்கள். செழிப்பை வேண்டும் சடங்கின் நடுவிலேயே கணவனது அதிகாரமும் வைத்தியனது பெருமையும் நகையாடப்படுகின்றன. ஒரே மலைத்தொடரின் இருபுறத்தும் வாழ்ந்து, மொழியாலும் அரசியலாலும் பிரிக்கப்பட்ட இரு உழைக்கும் மக்கட் கூட்டங்களும், தெய்வத்தின் முன்னிலையையே அதிகாரத்தைக் கேலிசெய்யும் பாதுகாப்பான இடமாகக் கண்டன என்பது மேலும் ஆராயத்தக்கது.

பாதுகாப்பான இடம் என்னும் இத்தொடரே ஒரு தடையையும் எழுப்புகிறது. மானிடவியலாளர் மக்ஸ் குளுக்மன் 1952இல் ஆற்றிய பேருரையொன்றில், தென்கிழக்கு ஆபிரிக்கச் சடங்குகளைச் சான்றாகக் காட்டி, சடங்கில் நிகழும் கலகம் நடைமுறை ஒழுங்கைக் குலைப்பதில்லை, அதனை வலுப்படுத்துகிறது என்று வாதித்தார். ஆண்டில் ஒருமுறை அரசனை ஏசுவோர் எஞ்சிய நாள்களில் அவனுக்குப் பணிந்து வாழ்வர் என்பது இதன் சாரம். காமன் கூத்துக்கும் இக்கருத்தைப் பொருத்திப் பார்க்கலாம். கோயில் திருவிழாக்களையும் கூத்துகளையும் தோட்ட நிருவாகம் பெரும்பாலும் தடுக்கவில்லை. சங்கம் அமைக்க முயன்றவனைத் தோட்டத்துக்குள் நுழையவிடாத அதே துரைமார் கூத்தை அனுமதித்தனர் எனின், அவர்கள் அதனால் அஞ்சவில்லை என்பதே பொருள். 1930களில் நடேசய்யரும் அவர் துணைவியார் மீனாட்சியம்மையும் தொழிலாளரிடையே பாடல்களைக் கொண்டுசென்றபோதும், 1940 ஜனவரியில் ஹேவாஹெட்டை முல்லோயாத் தோட்டத்தில் வேலைநிறுத்தம் நிகழ்ந்து, தொழிலாளி கோவிந்தன் பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டுக்கு இரையானபோதும், ஆட்சியாளர் காட்டிய முகம் வேறு.

இத்தடையை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. காமன் கூத்து எந்த வேலைநிறுத்தத்தையும் தொடக்கிவைத்ததாக யாம் உரிமை கொண்டாடுதல் வேண்டா. ஆயினும் குளுக்மனின் கருத்து இங்கு முற்றிலும் பொருந்துவதாகவும் இல்லை. அவர் கூறிய சடங்குகளில் ஆள்வோரும் ஆளப்படுவோரும் ஒரே சமுதாயத்தவர். அரசனும் சடங்கில் ஒரு பாத்திரம். காமன் பொட்டலில் துரைக்கு இடமில்லை. அவனுக்கு அதன் மொழியும் தெரியாது. ஆகவே அங்கு நிகழ்வது ஆள்வோனோடு செய்துகொள்ளும் சமரசம் எனக் கூறுதல் இயலாது. ஜேம்ஸ் ஸ்கொட் 1990இல் வெளியிட்ட நூலில், ஒடுக்கப்பட்டோர் ஆள்வோரின் முதுகுக்குப் பின்னாற் பேசும் மறைமொழி பற்றி விரிவாக எழுதினார். வெளிப்படையான போராட்டம் திடீரென வானிலிருந்து விழுவதில்லை. நெடுங்காலம் தமக்குள்ளே பேசிப் பழகிய சொற்களையே மக்கள் ஒருநாள் உரக்கக் கூறுகின்றனர் என்பது அவர் கருத்து. தமக்கு நிகழ்வது விதியன்று, அநீதி என்று உணரும் திறனை ஒரு தலைமுறை இன்னொரு தலைமுறைக்கு ஒப்படைக்கும் பள்ளிகளுள் ஒன்றாகக் காமன் கூத்தைக் கொள்ளலாம். இதற்கு மேல் அதற்கு உரிமை கோருவது மிகை. இதனிலும் குறைவாகக் கூறுவது அநீதி.

கூத்தின் எல்லையை வெளியே மட்டும் தேடுதல் போதாது. உள்ளேயும் அது உண்டு. கூத்துக்கு உயிர் கொடுக்கும் தப்பை அடிப்போர் பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட சாதியினர். கம்பத்தின் முன் அனைவரும் ஒன்று என்று கூறப்படும் இரவிலும், பறைக்கு மதிப்பு இருந்த அளவு பறையடிப்பவனுக்கு இருக்கவில்லை. லயத்தினுள் நிலவிய சாதிப் பிரிவினை கங்காணிக்குப் பயன்பட்டது. கூத்து அதனை வினவவில்லை. இதனிலும் பெரிய குறை பெண் தொடர்பானது. தேயிலைத் தோட்டத்தின் உழைப்பிற் பெரும்பங்கு பெண்ணுடையது. கொழுந்துக் கூடையும் அடுப்பும் தொட்டிலும் அவளுக்கே. கூத்தின் எதிர்ப்புக் குரல் முழுவதும் ரதி என்னும் பெண்ணின் வாயில் வைக்கப்பட்டுள்ளது. ஆனால் மரபில் ரதி வேடம் புனைவது ஆண். ஒப்பாரி பெண்களின் கலை. வீட்டில் அதனைப் பாடத் தெரிந்தவள் பொட்டலில் நின்று பார்க்கிறாள். அவளது சொற்களை ஓர் ஆண் அவளுக்காகப் பாடுகிறான். துரையை நோக்கி எழும் வினா வீட்டை நோக்கித் திரும்பாதிருப்பதற்கு இந்த ஏற்பாடும் ஒரு காரணம் ஆகலாம். காமன் கூத்தை எதிர்ப்புக் கலை என்று போற்றுவோர் இக்குறையைப் பேசாது விடுவது கலைக்குச் செய்யும் தொண்டாகாது.

கதையின் முடிவுக்கு வருவோம். ரதியின் வேண்டுதலுக்கு இரங்கிச் சிவன் மன்மதனை உயிர்ப்பிக்கிறார். ஆனால் ஒரு நிபந்தனை: அவன் ரதியின் கண்ணுக்கு மட்டுமே தோன்றுவான், ஏனையோர்க்கு அவன் உருவிலி. நீதி கிடைத்தது போலவும் கிடைக்காதது போலவும் உள்ள முடிவு இது. உயிர் திரும்பியது, உடல் திரும்பவில்லை. மலையக மக்களின் அண்மைக்கால வரலாற்றை அறிந்தோர்க்கு இம்முடிவு வெறும் புராணச் செய்தியாகத் தோன்றாது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் இம்மக்களை நாடற்றோராக்கிற்று. 1964இல் எழுதப்பட்ட சிறிமா சாஸ்திரி உடன்படிக்கை ஒன்பது இலட்சத்து எழுபத்தையாயிரம் மக்களை எண்களாகப் பங்கிட்டது: ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் இந்தியாவுக்கு, மூன்று இலட்சம் இலங்கைக்கு, எஞ்சிய ஒன்றரை இலட்சம் பின்னர்த் தீர்ப்பதற்கு. அவ்வோலையையும் அவர்கள் எழுதவில்லை. 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் எஞ்சியோர்க்குப் பிரஜாவுரிமை வழங்கியது. வாக்கு உண்டு, அடையாள அட்டை உண்டு. ஆனால் தாம் வாழும் லயத்துக்கும் அதன் முற்றத்துக்கும் காணியுறுதி பெரும்பாலோர்க்கு இன்றும் இல்லை. சட்டத்தில் உயிர்பெற்று, நிலத்தில் உருப்பெறாத நிலையே இது. காமனின் உயிர்ப்பை மங்கல முடிவாகக் கண்டு கலைந்து செல்லும் வழக்கத்தை நாம் மறுபரிசீலனை செய்தல் வேண்டும்.

இவ்விடத்திற் பல்கலைக்கழகத்தின் பங்கு பற்றியும் கூறுதல் தகும். பேராதனையில் 1956இல் எதிரிவீர சரச்சந்திரவின் மனமேயும், 1960களிற் பேராசிரியர் சு. வித்தியானந்தனின் முயற்சியாற் கர்ணன் போர், இராவணேசன், வாலிவதை ஆகியனவும் தோன்றின. கிராமத்துக் கூத்துக்குக் கற்றோர் அவையில் மதிப்புத் தேடித்தந்த அரும்பணி அது. அம்மரபில் வளர்ந்த சி. மௌனகுரு 1969இற் சங்காரத்தின் வாயிலாகக் கூத்தின் ஆட்டத்தையே சமூக ஒடுக்குமுறைக்கு எதிரான கருவியாக்கினார். 1968இன் மாவிட்டபுரம் ஆலயப் பிரவேசப் போராட்டத்தை அடுத்து, என். கே. ரகுநாதனின் கந்தன் கருணை காத்தவராயன் கூத்துப் பாணியில் மேடையேறியது. இம்முயற்சிகளின் நடுவிடம் மட்டக்களப்பும் யாழ்ப்பாணமுமாகும். வளாகத்துக்கு மேலே எழும் ஹந்தானை மலைச்சரிவுகளிலும் தேயிலைத் தோட்டங்கள் உள்ளன என்பதை இதனோடு சேர்த்து நினைத்தல் நன்று.

இனியாவது காமன் கூத்தை மேடைக்குக் கொணர்வோம் என்பது இதற்கு விடையாகுமா? அவசரமான விடை அது. இரண்டு மணி நேரத்துக்குச் சுருக்கி, நேர்த்தியையும் விரதத்தையும் நீக்கி, முடிவில் ஒரு முழக்கத்தைச் சேர்த்துவிட்டால் எதிர்ப்பு நாடகம் ஒன்று கிடைக்கலாம். காமன் கூத்து கிடைக்காது. பல இரவுகள் உறக்கமின்றி ஒரு சமுதாயம் கூடியிருப்பதும், தான் நம்பும் தெய்வத்தின் முன் நின்றே அத்தெய்வத்தை வினவுவதும் அதன் வலிமை. சடங்கைக் களைந்தால் அவ்வினாவின் கனமும் குறையும். கென்யாவின் கமிரித்துக் கிராமத்தில் 1977இல் கூகி வா தியாங்கோ செய்தது இங்கு நினைவுகூரத்தக்கது. தேயிலைத் தோட்டங்கள் சூழ்ந்த லிமுறு பிரதேசத்துக் கிராமம் அது. விவசாயிகளும் தோட்ட, ஆலைத் தொழிலாளரும் தாமே அரங்கு கட்டி, தம் கிக்குயு மொழியில், தம் பாடல்களோடு, உரையாடல்களைத் தாமே திருத்தி நாடகம் நிகழ்த்தினர். சில வாரங்களில் அது தடைசெய்யப்பட்டது. ஆண்டிறுதியில் அவர் சிறையிலிடப்பட்டார். 1982இல் அரங்கே இடித்தழிக்கப்பட்டது. அரசை அச்சுறுத்தியது நாடகத்தின் கதை மட்டுமன்று. தம் கதையைத் திருத்தும் உரிமையை உழைப்போர் தம் கையில் எடுத்துக்கொண்டமையும் ஆகும்.

காமன் கூத்தின் எதிர்காலமும் இவ்வுரிமையிலேயே தங்கியுள்ளது. அதனைத் திருத்தவேண்டியோர் அதற்கு உரியோரே. தப்படிப்பவன் கூத்தின் சமமான உரிமையாளனாக வேண்டும். ரதியின் புலம்பலைக் கொழுந்து பறிக்கும் பெண்ணே தன் வாயாற் பாடவேண்டும். அவள் பாடத் தொடங்கும்போது புலம்பலின் சொற்கள் மாறலாம். அது கேட்கும் கணக்கில் துரையோடு கணவனும் தலைவனும் சேரலாம். உருவிலியாக உயிர்பெற்ற கணவனோடு அவள் அமைதியடையாமலும் போகலாம். அம்மாற்றம் சடங்கைச் சிதைக்கும் என்று அஞ்சவேண்டியதில்லை. ஊரைவிட்டுக் கடல் கடந்து வந்தபோதே அக்கூத்து ஒருமுறை மாறிற்று, மாறியதனாலேயே வாழ்ந்தது. பதிவுசெய்தல், பாடங்களை ஒப்பிட்டு ஆராய்தல், கேட்டல் ஆகியன எம் போன்ற மாணவர்க்குரிய பணிகள். எழுதப்படாத கோமாளியின் பேச்சும் முதியோர் நினைவிலுள்ள புலம்பற் பாடல்களும் முதலிற் பதிவுபெறவேண்டியன. கூத்துக்கு எதிர்ப்பு என்று பெயர் சூட்டுவதற்கு முன்னர் அதில் எழும் வினாவைச் செவ்வையாகக் கேட்கப் பழகுதல் வேண்டும். ஓலையை எழுதியவர் யார் என்பதே அவ்வினா. அதற்கு இற்றைவரை விடை கூறப்படவில்லை.